வழக்கமான மழை

“இந்த மழையில பிள்ளத்தாச்சிய நான் அனுப்ப மாட்டேன் சம்பந்தி.”

“எந்த மழையில?”

“உங்க ஊரு மழையில.”

குஞ்சம்மாள் வாசலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. செட்டிகுளத்து வானம் மூடாப்பாக இருந்தது, அவ்வளவுதான். மலைமேல் இருக்கும் முருகன் கோயில் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

“எங்க ஊரு மழை இங்கேருந்தே உங்களுக்குத் தெரியுதா?”

“டிவியில தெரியுது,” என்றாள் அமிர்தவல்லி.

முந்தின நாள் திங்கட்கிழமைதான் சத்யாவுக்கு வளைகாப்பு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதில் இரண்டு பக்கத்துக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் திங்கட்கிழமை கிழக்கே சூலம். வேதாரண்யம் பக்கத்திலிருந்து வேனில் வந்த சனம் சாப்பிட்டுத் திரும்பிவிட்டது. கர்ப்பிணியை அந்தத் திசையில் அன்றைக்கு ஏற்ற முடியாது. செவ்வாய்க்கிழமை வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பும் பழக்கம் அமிர்தவல்லி வீட்டில் இல்லை. எனவே புதன்கிழமை காலை கூட்டிப் போவதென்று முடிவு செய்து, பெண்ணைப் பெற்ற குஞ்சம்மாள் மட்டும் தங்கிவிட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் டிவியில் கடலோர மாவட்டங்களை ஆரஞ்சு நிறத்தில் அடித்துக் காட்டினார்கள்.

“மஞ்சங்கறான், ஆரஞ்சுங்கறான், நாளைக்குச் செவப்புன்னாலும் சொல்லுவானாம்.”

“வருஷா வருஷம் சொல்றான். கார்த்திகையில மழை பேயலன்னாதான் நாங்க பயப்படுவோம். அதே டிவியில கீழ எழுத்து ஓடுச்சே, அத நீங்க பாக்கலையா? இந்த வருஷம் இயல்பவிட மழை கொறைவுன்னு.”

“தெருவுல தண்ணி ஓடறதக் காட்டிக்கிட்டே கொறைவுங்கறான் சம்பந்தி. எனக்கு எதை நம்பறதுன்னு தெரியல.”

“எங்களுக்கு அது கொறைவுதான்.”

கட்டிலில் உட்கார்ந்து நைலான் கயிற்றுச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்த அரியமுத்து தலையை நிமிர்த்தினார். அவர் அமிர்தவல்லியின் கணவர். சம்பந்திகள் பேசும்போது குறுக்கே போவதில்லை என்றுதான் காலையிலிருந்து விரதம் இருந்தார்.

“உங்களுக்கு எது அதிகம் தங்கச்சி? அதச் சொல்லிடுங்க. இங்க மண்ணு ஏரு ஓட்டற ஆழத்துக்கு நனைஞ்சா ஒரு உழவு மழைம்போம். அதுக்கு மேல ரெண்டு உழவு. ரெண்டு உழவு பேஞ்சா அந்த வருஷம் நல்ல வருஷம். உங்க பக்கம் எப்படி அளக்கறது?”

“எங்க பக்கம் உழவு எங்கண்ணே? தண்ணிக்கு அடியில மண்ணு எங்க கெடக்குன்னு தை மாசந்தான் தெரியும்.”

அரியமுத்து சிரித்துவிட்டார். அமிர்தவல்லி திரும்பிப் பார்த்ததும் மறுபடி கயிற்றில் குனிந்துகொண்டார்.

சத்யா சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை கண்ணாடி வளையல். கையை அசைத்தால் சத்தம் கேட்கும் என்பதால், பேச்சு தன்னைப் பற்றி என்று தெரிந்தும், அவள் கையை மடியில் அப்படியே வைத்திருந்தாள்.

“இப்படிப் பேசிக்கிட்டே இருந்தா விடிஞ்சிடும்,” என்றார் அரியமுத்து. “போன் போடுங்க. அங்க மச்சான் சொல்லட்டும், மழை வழக்கமா, மீறினதான்னு. மீறினதுன்னா பொண்ணு இங்கயே இருக்கட்டும். வழக்கம்தான்னா நாளைக்குக் காலையில நானே அரியலூரு வரைக்கும் வந்து பஸ் ஏத்தி வுடறேன். சரியா?”

“சரி,” என்றாள் குஞ்சம்மாள் உடனே.

“சரி,” என்றாள் அமிர்தவல்லி, சற்று யோசித்து.

குஞ்சம்மாள் தன் கணவர் அழகேசனைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி போனைக் கட்டிலில் வைத்தாள்.

“என்னங்க, மழை எப்படி?”

“என்னா மழை? வழக்கம்தான்.”

குஞ்சம்மாள் கையைக் கட்டிக்கொண்டு சம்பந்தியைப் பார்த்தாள். அமிர்தவல்லி போனுக்கு அருகில் குனிந்தாள்.

“அண்ணே, தண்ணி எங்க நிக்குது?”

“எங்கயும் நிக்கல தங்கச்சி. கொல்லப்பக்கம் ரெண்டாவது படியில கெடக்கு. நேத்து மூணாவதுல இருந்துச்சு, வடிஞ்சிடுச்சு.”

“கரண்டு இருக்கா?”

“இருந்தாத்தான் பயம். கம்பி அறுந்து கெடந்தா யாரு மிதிக்கறது? ஞாயித்துக்கெழமையே அவனே நிறுத்திட்டான். நல்ல புள்ளைங்க, வருஷா வருஷம் நேரத்துக்கு நிறுத்திடுவாங்க.”

“ரோடு?”

“ரோடு அருமையா இருக்கு. பஸ்ஸு நம்ம பாலத்துக்கிட்ட வராது, அந்தாண்டையே திரும்பிடும். அதுக்கென்ன, முழங்கால் தண்ணிதான், நடந்து வந்துடலாம்.”

“ஆஸ்பத்திரிக்குப் போவணும்னா?”

“அதுக்கு டிராக்டர் இருக்கே. சத்யா எங்க? அதுகிட்டக் குடுங்க.”

சத்யா தலையை ஆட்டினாள். குளிக்கிறேன் என்று சொல்லும்படி அத்தையிடம் சைகை காட்டினாள். வளையல் குலுங்கியது.

“குளிச்சிட்டு இருக்காண்ணே,” என்றாள் அமிர்தவல்லி.

குஞ்சம்மாள் போனை அணைத்தாள்.

“கேட்டீங்கள்ல? வழக்கம்தான்,” என்றாள் குஞ்சம்மாள்.

“கேட்டேன். அதனாலதான் அனுப்ப மாட்டேங்கறேன்.”

“இதென்ன ஞாயம் சம்பந்தி? வழக்கம்னா அனுப்பறதாத்தானே பேச்சு?”

“உங்க வழக்கம் இப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்படுமுன் அரியமுத்து மூக்கை உயர்த்தினார். “விழுதா?” என்றார்.

அமிர்தவல்லி வாசலில் கையை நீட்டினாள். “விழுது.”

அவ்வளவுதான். அவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினாள். என்னவோ ஏதோ என்று குஞ்சம்மாளும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் புன்செய்க் காட்டின் மேட்டில் சின்ன வெங்காயப் பட்டறை இருந்தது. மூங்கில் தட்டியால் இரண்டு பக்கமும் அடைத்து, காற்றுப் போக இடம் விட்டு, ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஆவணியில் பிடுங்கியது, விலை ஏறட்டும் என்று வைத்திருந்தார்கள். அதன்மேல் இருவரும் தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தபோது குஞ்சம்மாள் வந்து சேர்ந்தாள்.

“தீப்புடிச்சிடுச்சோன்னு ஓடியாந்தேன்.”

“அந்த முனையப் புடிங்க சம்பந்தி.”

“இது தூத்தல். எங்க ஊருல இதுக்குக் கொடியில காயற துணியக்கூட எடுக்க மாட்டோம்.”

“உங்க ஊருல வெங்காயம் இல்ல. புடிங்க.”

அவள் பிடித்தாள். மூன்று பேருமாகக் கட்டி முடித்தார்கள். தூறல் கூடவும் இல்லை, நிற்கவும் இல்லை. சல்லடையில் சலித்த மாவைப் போல ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. குஞ்சம்மாள் வானத்தைப் பார்த்தாள். அவள் பார்த்துப் பழகிய மழை எதுவும் இப்படி இல்லை. அவள் ஊரில் மழைக்கு ஒரு வரவு உண்டு, ஒரு போக்கு உண்டு.

“பெருமழை எங்களுக்குப் பெருசில்ல,” என்றாள் அமிர்தவல்லி. “மேட்டாங்காடு, ஓடிப் போயிடும். இந்தப் பிசுபிசுப்புதான் ஆவாது. நாலு நாளு வெயில் முகம் காட்டாம இப்படியே நின்னுச்சுன்னா உள்ளுக்குள்ளயே வெந்துடும். மேல பாத்தா நல்லாத்தான் இருக்கும். கைய வுட்டுப் பாத்தாத்தான் சூடு தெரியும்.”

குஞ்சம்மாள் தட்டியின் இடுக்கில் கையை விட்டாள். இதமாக இருந்தது.

“இது சூடா?”

“இது இன்னும் நல்ல சூடுதான். ஆனா தெனமும் பாக்கணும்.”

“கார்த்திகையில இங்க இதான் வழக்கமா?”

“இதான். உங்களுக்கு இது மழையே இல்ல. எங்களுக்கு இதுக்கு மேல மழை வேணாம்.”

நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டு மூவரும் வீட்டுக்குள் வந்தபோது சத்யா டீ போட்டு வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் பேச்சு வெங்காயத்தைப் பற்றியே இருந்தது. குஞ்சம்மாளுக்கு மனசு இளகியிருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இல்லை. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“உங்க வெங்காயத்துக்கு உங்க கணக்கு சரி சம்பந்தி. நான் ஒத்துக்கறேன். எம் பொண்ணுக்கு எங்க கணக்கு. அவ அந்தத் தண்ணியிலேயே பொறந்து வளந்தவ. நீங்க இந்த ஒரு தடவைன்னா நான் வாய் தொறக்க மாட்டேன். கல்யாணம் ஆனதுலேருந்து ஐப்பசி கார்த்திகை வந்தா அவளப் புடிச்சு வச்சிக்கிறீங்க.”

“நானா?”

“தலைதீபாவளிக்கு வந்தவ கறிச்சோறு ஆறறதுக்குள்ள பஸ் ஏறிட்டா. என்னடின்னா, அத்தை சாயந்தரமே வரச் சொன்னாங்கங்கறா. அதுக்கு அடுத்த வருஷம், போன வருஷம், வரவே இல்ல. அத்தை அனுப்ப மாட்டேங்கறாங்கங்கறா. பெத்தவளுக்கு எப்படி இருக்கும்னு நீங்க யோசிச்சுப் பாத்தீங்களா?”

அமிர்தவல்லி டீ குடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

“நான் அனுப்பலையா?”

“பின்ன யாரு?”

“போன வருஷம் நான் முறுக்கும் அதிரசமும் சுட்டு, தூக்குல கட்டி, பைய வாசல்ல வச்சேன். நீங்கதான் போன் பண்ணி, இங்க தண்ணி நிக்குது, இப்ப வர வேணாம்னு சொன்னதா சொன்னா. சம்பந்தி வூட்டுல இப்படிச் சொல்லிட்டாங்களேன்னு எனக்குத்தான் சங்கடம். அந்த முறுக்கப் பொங்க வரைக்கும் நாங்களே தின்னோம்.”

“தண்ணி நிக்குதுன்னு நான் சொன்னேனா? எங்க வாயில அது வருமா?”

அது உண்மைதான் என்று அமிர்தவல்லிக்கு இப்போது புரிந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவரோரம் திரும்பினார்கள்.

“நான் மாட்டப் பாத்துட்டு வரேன்,” என்று அரியமுத்து எழுந்தார்.

“மாட்ட வித்து ஒரு வருஷம் ஆவுது.”

“கட்டுத்தறியப் பாத்துட்டு வரேன்,” என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

“ரெண்டு பேருகிட்டயும் பொய்யாடி?” என்றாள் குஞ்சம்மாள்.

“ஆமா.”

“எதுக்கு?”

சத்யா வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளினாள். அவை மறுபடி இறங்கின.

“எனக்கு அங்க போவ வேணாம். மழை முடிஞ்சா போறேன். தை மாசம், மாசி மாசம் எத்தன நாளு வேணும்னாலும் இருக்கேன். நான் வரலையா? சித்திரையில ஒரு மாசம் இருந்தேனே.”

“மழைக்குப் பயமா? நீயா?”

“மழைக்கு இல்ல.”

“பின்ன?”

“கஜா புயல் அடிச்ச அன்னிக்கு நான் உங்கிட்டக் கேட்டேன், நியாபகம் இருக்காம்மா? காத்து ஏற ஆரம்பிச்சப்ப. ஒண்ணுமில்லடி, வழக்கமான காத்துதான், படுன்ன. அப்புறம் ஓடு ஒண்ணு பறந்துச்சு. மறுபடி கேட்டேன். வருஷா வருஷம் ரெண்டு ஓடு போவும்டி, படுன்ன. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நான் தூங்கிட்டேன்ம்மா. நெசமாவே தூங்கிட்டேன். கண்ண முழிச்சப்ப மேல ஒண்ணும் இல்ல. அப்பா எங் கால இழுத்துக்கிட்டு இருந்தாரு, ஏன் இழுக்கறாருன்னுகூடத் தெரியல.”

“உனக்கு ஒண்ணும் ஆவலையே.”

“ஆவல.”

“இப்ப கான்கிரீட்டு வூடு. உம் புருஷன் கொண்டாந்து எறக்கின சிமெண்ட்டு.”

சரத்குமார் அரியலூரிலிருந்து சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன். புயலுக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் ஊருக்கு ஊர் புது வீடு எழும்பியபோது, அந்த லோடு கொண்டுபோன பழக்கத்தில்தான் இந்தச் சம்பந்தமே அமைந்தது. இன்றும் அவன் லோடில்தான் இருந்தான்.

“வூட்டப் பத்தி இல்லம்மா. நீ வழக்கம்னு சொல்லுவ பாரு, அதக் கேட்டாத்தான் எனக்குப் பயம். இப்பகூட அப்பா போன்ல வழக்கம்தான்னாரு, அதான் குளிக்கிறேன்னு சொல்லச் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் பயந்தா எனக்குத் தெரியும், எழுந்து ஓடிடலாம். நீங்க பயப்படவே மாட்டேங்கறீங்க. அப்ப நான் எப்ப ஓடறது? இத வேற தூக்கிக்கிட்டு?”

அவள் வயிற்றின்மேல் கையை வைத்தாள்.

அமிர்தவல்லிக்கு ஜெயித்த முகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவள் காலி டம்ளர்களை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவிட்டு, மறுபடி பிரித்து வைத்தாள்.

“நான் பயப்படலைன்னு யாரு சொன்னா?” என்றாள் குஞ்சம்மாள் கடைசியில்.

“பயந்தியா?”

“நீ தூங்கினப்பறம் உம் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன். உங்கப்பாவும் ஒக்காந்திருந்தாரு. நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கல.”

“பின்ன ஏம்மா அப்படிச் சொன்ன?”

“வேற என்னத்தச் சொல்லுவாங்க? எங்கம்மா எனக்கு அதத்தான் சொன்னா. ஐப்பசி பொறந்தா அந்த ஊருல எல்லாப் பொம்பளையும் புள்ளைங்களுக்கு அதத்தான் சொல்லுறா. அதச் சொல்லலன்னா அங்க எப்படி இருக்கறது? எழுந்து ஓடிடலாம்ங்கற. எங்க ஓடறது? வருஷா வருஷம் ஓட முடியுமா? கடலு அங்கதான இருக்கு. உப்பளம் அங்கதான இருக்கு.”

சத்யா வளையல்களை மறுபடி மேலே தள்ளினாள்.

“பாதி மழை அப்படிச் சொல்லிக்கிட்டு இருக்கறப்பவே நின்னும் போயிருக்குடி,” என்றாள் குஞ்சம்மாள். குரல் சண்டைக்காரக் குரலாக இல்லை. “பாதி இல்ல. ஒண்ணத் தவிர எல்லாமே.”

வெளியே தூறல் விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அமிர்தவல்லிதான் பேசினாள்.

“இப்ப என்ன பண்றது சம்பந்தி? தலைப்பிரசவத்துக்குத் தாய்வூட்டுக்கு அனுப்பாம வச்சிக்கிட்டான்னு ஊரு என்னையில்ல பேசும்.”

“அங்க மட்டும் என்ன, மால போடுவாங்களா? பொண்ணுக்குப் பிரசவம் பாக்க வக்கில்லாதவன்னு என்னத்தான் பேசுவாங்க. வளைகாப்புக்கு வந்த சனம் வேன்ல ஏறறப்பவே, புதன்கெழமை வந்துடுவீங்களான்னு கேட்டுட்டுப் போச்சு.”

“நீங்க பேசறத வுடுங்க,” என்றாள் சத்யா. “யாரு என்ன பேசினாலும்...”

“நீ வாய மூடு. மூணு வருஷமா எங்க ரெண்டு பேரையும் சண்டக்காரியாக்கி வச்சவ நீ,” என்றாள் அமிர்தவல்லி. திட்டினாலும், அவள் காலுக்கடியில் ஒரு தலையணையை நகர்த்தி வைத்தாள்.

குஞ்சம்மாள் எழுந்து வாசலில் நின்றாள். வரிசையில் இரண்டு வீடு தள்ளி ஒரு ஓட்டு வீடு பூட்டிக் கிடந்தது.

“அது யாரு வூடு?”

“எங்க கொழுந்தனாரு வூடு. ராசாங்கம். திருப்பூருல இருக்காரு.”

“கேட்டாக் குடுப்பாரா?”

“எதுக்கு?”

“குடுப்பாரா மாட்டாரா?”

“குடுப்பாரு. ஆனா ஒழுகும்.”

“எந்த மழைக்கு?”

“எங்க மழைக்கே ஒழுகும்.”

காலையிலிருந்து முதல் தடவையாகக் குஞ்சம்மாள் சிரித்தாள். “அப்ப அதான் எங்க வூடு. நாளைக்குக் காலையில தாம்பாளம் எடுத்து மொறப்படி எம் பொண்ண அங்க கூட்டிக்கிட்டுப் போறேன். அடுப்பு தனி, ஒல தனி. பத்தியச் சோறு நான் ஆக்கிப் போடறேன். பெரம்பலூரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரேன். புள்ள பொறந்து, தண்ணி வடிஞ்சப்பறம், தை மாசம் ரெண்டு பேரையும் எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுக்கு நீங்க குறுக்க வரக் கூடாது.”

“வரல. அண்ணன் அங்க தனியா இருப்பாரே சம்பந்தி? அந்தத் தண்ணியில, கரண்டும் இல்லாம.”

குஞ்சம்மாள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருப்பாரு,” என்றாள். “அவரக் கூப்புட்டா வர மாட்டாரு. தண்ணியப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு.”

புதன்கிழமை காலையும் தூறல் நிற்கவில்லை. மலை அன்றும் தெரியவில்லை. அரியமுத்து விடிந்ததும் அந்த வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, ஓடு விலகின இடத்தில் மிச்சம் கிடந்த தார்ப்பாயைக் கட்டிக் கொடுத்திருந்தார். நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் பூ பழத்தோடு குஞ்சம்மாள் முன்னால் நடந்தாள். பின்னால் சத்யா. அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு அமிர்தவல்லி.

எதிர்வீட்டு சுந்தராம்பாள் வாசலில் நின்று கேட்டாள்: “என்னா அமிர்தவல்லி, மருமவள இவ்வளோ தூரம் அனுப்பற? ஒரு கார் வச்சிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருக்கேன். வழியில டயரு பஞ்சராம்.”

பிரசவத்துக்குப் போகிற பெண் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. சத்யா சொல்லவில்லை, பார்க்கவும் இல்லை. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அமிர்தவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. குடைக்குள் ஏன் நனைகிறது என்று சத்யா நிமிர்ந்து பார்க்கப் போனாள். “திரும்பாத, நட,” என்றாள் அமிர்தவல்லி.

குஞ்சம்மாள் உள்ளே போய் விளக்கேற்றி வைத்துவிட்டு வந்து மகளை அழைத்தாள். சத்யா நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். தார்ப்பாய் மெல்ல உப்பி உப்பி அடங்கியது. அவள் அதையே பார்த்தாள்.

“ம்மா, இது ஒழுகுமா?”

குஞ்சம்மாள் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். ஓடுகளை, கைமரங்களை, மூலையில் ஈரம் பட்டுக் கறுத்த சுவரை நிதானமாகப் பார்த்தாள்.

“தெரியலடி. இந்த ஊரு மழை எனக்குப் புடிபடல. ஒழுகினா ஒன்ன எழுப்பறேன். ரெண்டு பேருமா உங்க அத்தை வூட்டுக்கு ஓடிடலாம்.”

சத்யா அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள்.